சந்தனமும் கொண்டு வரச் சொன்னார்கள்

இல்லை அக்கா, டிபன் பாக்ஸ் இல்லை இது. நீங்கள் தாராளமாக உட்காருங்கள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். கண்டக்டர் மேலே வைக்கத்தான் சொன்னார். மேலே வைத்து, டிரைவர் பிரேக் போட்டு, அது விழுந்து... வேண்டாம் அக்கா. என் மடியிலேயே இருக்கட்டும்.

என்னவென்று கேட்டீர்கள் இல்லையா? மோஷன் சென்சார். எங்கள் பிள்ளைகள் வௌவால் பெட்டி என்பார்கள். சோப்புப் பெட்டி அளவுதான். முன்பக்கம் வட்டமாக, பொன் நிறத்தில் ஒரு வலை தெரிகிறது பாருங்கள், தொட வேண்டாம் அக்கா, அதற்குள்ளிருந்து நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் கிளம்பும். எதிரே நிற்கிற ஆள் மேல் பட்டுத் திரும்பி வரும். போய்வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று பெட்டி கணக்குப் போட்டுவிடும். ஒயர் கிடையாது. டேப்லெட்டுக்குத் தானாகவே அனுப்பும், டேப்லெட் கோடு போடும். நீங்கள் தள்ளிப் போனால் கோடு ஏறும். கிட்டே வந்தால் இறங்கும். சும்மா நின்றால் கோடு படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

இப்போது உங்களுக்கு நேராகப் பிடித்தால் கோடு படுத்தேதான் கிடக்கும், பஸ் இந்த ஓட்டம் ஓடினாலும். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே போகிறோம். பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இனி சொல்ல முடியுமா, தெரியவில்லை.

ஏனென்றால் நான் விசாரணைக்குப் போகிறேன். ஆமாம் அக்கா, டவுனில் கல்வி அலுவலகத்துக்கு. பயமெல்லாம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் சாப்பிடாதது பஸ் வந்துவிடும் என்பதால்தான். பஸ் வர நேரம் இருந்தது, அது வேறு.

நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பெயர் சிந்துஜா. தற்காலிகம்தான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் தற்காலிகம் என்று அப்பா யாரிடமும் சொல்வதில்லை. 'கவர்மெண்டு ஸ்கூல்ல டீச்சர்' என்று நிறுத்திக்கொள்வார். நான் கேட்டவர் பின்னாலேயே போய், 'தற்காலிகம்தான் மாமா' என்று சொல்லிவிட்டு வருவேன். அப்பாவுக்குக் கோபம் வரும். உண்மையை முழுதாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது அக்கா, என்ன செய்ய?

இந்தப் பெட்டியைப் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்களாம், நான் சேர்வதற்கு முன்பே. எங்கள் ஹெச்.எம். குழந்தைவேலு சார் அதைத் தன் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார், கபடிக் கோப்பைக்கும் மர ஷீல்டுக்கும் நடுவில். நான் போய்க் கேட்டேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

"வெளிய எடுத்தா உடையும்மா. உள்ள இருந்தா வர்றவங்க போறவங்க எல்லாம் பாப்பாங்க."

"பிள்ளைங்க தொட்டுப் பாக்கணும் சார்."

"தொட்டாத்தானே உடையும்!"

கெட்டவர் இல்லை அக்கா. தண்ணீர்க் குழாயைக்கூட அவரே போய்ச் சாத்துகிறவர். ஒரு நாள் என்ன நினைத்தாரோ, சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது "உங்க பொறுப்பு" என்றார். அந்த ஒரு சொல்லில் சாவியை இரண்டு தடவை கீழே போட்டுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

முதல் வகுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் ஏறுகிற கோடு ஒன்று வரைந்து, "இதே மாதிரி கோடு வர்ற மாதிரி யாராவது நடந்து காட்டுங்க" என்றேன். முகிலன் என்று ஒரு பையன், எதற்கும் முதலில் ஓடி வருவான். வந்தவன் விறுவிறுவென்று பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டான்.

"எறங்குடா! ஏன்டா மேல ஏறுற?"

"கோடு மேல ஏறுதே மிஸ்!"

திரும்பிப் பார்த்தால் டேப்லெட்டில் கோடு படுத்தே கிடக்கிறது. அவனுக்கு அவமானம். பெஞ்சு மேலேயே குதித்தான். அப்போதும் ஏறவில்லை. ரிஸ்வானா என்று ஒரு பெண், வாயே திறக்காதவள், எழுந்து வந்தாள். பெட்டிக்கு முன்னால் நின்றாள். மெதுவாகப் பின்னாலேயே நடந்தாள். கோடு ஏறியது பாருங்கள்! வகுப்பே கத்தியது. முகிலன் பெஞ்சு மேலிருந்தபடியே, "பின்னாடி போனா மேல போகுதுடா!" என்று கத்தினான். பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு ஆசிரியர் ஜெபராஜ் சார் ஓடி வந்தார், யாராவது விழுந்துவிட்டார்களோ என்று. வந்தவர் போகவில்லை. அவரும் பின்னால் நடந்து பார்த்தார். அவர் கோடு கோணல். பிள்ளைகள் திருத்தினார்கள்.

பேப்பரில் கோடு போடச் சொன்னால் தூங்கிவிழுகிற பிள்ளைகள் அக்கா. சாப்பாட்டு மணி அடித்தும் போகவில்லை.

இப்போது நான் போய்விட்டால் என்ன ஆகும், சொல்லுங்கள்? வேலை போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன், பொய் சொல்லக் கூடாது, வேலை போனால் எனக்குக் கஷ்டம்தான். ஆனால் நான் போன மறுநாளே பெட்டி கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். கோப்பைக்கும் ஷீல்டுக்கும் நடுவில். அதை நினைத்தால்தான்... ஒன்றுமில்லை, ஜன்னல் காற்று. கண்ணில் தூசி.

சரி, தப்பு எங்கே நடந்தது என்று சொல்கிறேன். சரஸ்வதி பூஜை லீவு முடிந்ததும் டி.இ.ஓ. மேடம், மாவட்டக் கல்வி அதிகாரி, பள்ளியைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் பள்ளியில் எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? ஒத்திகைதான். கேள்வி கேட்கப் போகிற பையன் யார், பதில் சொல்லப் போகிற பெண் யார், சந்தேகம் கேட்கப் போவது யார், எல்லாம் முடிவாகிவிடும். சந்தேகத்துக்கும் ஒத்திகை அக்கா!

ரிஸ்வானா நடப்பது என்று முடிவானது. ஒத்திகையில் கோடு அவ்வளவு அழகாக வந்தது. ஏறி, நின்று, இறங்கி, ஒரு நடுக்கம் கிடையாது. சார் அதைப் பார்த்துவிட்டு, "இதச் சேமிச்சு வைங்க. அன்னிக்குப் பெட்டி மக்கர் பண்ணுச்சுன்னா நான் இருமுறேன். நான் இருமுனதும் இதப் போட்டு விட்ருங்க. பொண்ணு அதுபாட்டுக்கு நடக்கட்டும்" என்றார். சேமிப்பதில் தப்பில்லை, போட்டுக் காட்டினால்தான் தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேமித்தேன்.

அப்புறம் லீவுக்கு முந்தின நாள் பூஜை. பள்ளியைக் கழுவி, கரும்பலகைக்கு மாலை போட்டு, ஆய்வகத்தில் எல்லாவற்றையும் மேஜை மேல் அடுக்கி வைத்தோம். சார் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். எலும்புக்கூட்டுக்கு நெற்றி இருக்கிறது, கவலையில்லை. மைக்ராஸ்கோப்புக்குக் கழுத்தில் வைத்தார். இந்தப் பெட்டியிடம் வந்ததும் நின்றுவிட்டார். இதற்கு நெற்றி எது? கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த வட்டம்தானே முகம் மாதிரி இருக்கிறது? நடுவில் நன்றாகப் பெரிய பொட்டாக வைத்தார். சந்தனம், அதன் மேல் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

லீவு முடிந்து வந்தால், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மேடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தடவை போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. ஜெபராஜ் சார் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் எல்லாம் எண்ணெய் தலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ரிஸ்வானா பின்னால் நடந்தாள். கோடு அடியிலேயே படுத்துக் கிடந்தது. முன்னால் வந்தாள். படுத்துக் கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

சார் இருமினார்.

ஜெபராஜ் சார் ஒரு தட்டுத் தட்டினார். கோடு கிளம்பிவிட்டது அக்கா! ஏறியது, நின்றது, இறங்கியது. ரிஸ்வானாவும் பாவம், ஒத்திகைப்படியே நடந்துவிட்டாள். மேடம் தலையை ஆட்டினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. மேடம் எழுந்து, "நான் நடந்து பாக்கட்டுமா?" என்றார்கள்.

ஒத்திகையில் இது இல்லை.

மேடம் கைப்பையோடு போய்ப் பெட்டிக்கு எதிரே நின்றார்கள். ஜெபராஜ் சார் அவசரத்தில் மறுபடியும் அதையே தட்டிவிட்டார். மேடம் நிற்கிறார்கள். கோடு ஏறுகிறது. மேடம் இன்னும் நிற்கிறார்கள். கோடு இறங்குகிறது.

"நான் இன்னும் நடக்கவே இல்லையே?"

"அது... கைப்பை ஆடுதுங்க மேடம்" என்றார் சார்.

"ஃபேன் காத்து மேடம்" என்றார் ஜெபராஜ் சார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

முகிலன் களுக்கென்று சிரித்துவிட்டான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அம்மா அதைத்தான் இன்னும் சொல்கிறாள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், இது லீவுக்கு முன்னாடி போட்ட கோடு மேடம். இப்ப பெட்டி வேலை செய்யல. ஏன்னு எனக்குத் தெரியல."

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடம் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் முன் வரிசைப் பெஞ்சில் இரண்டு பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லி நடுவில் உட்கார்ந்தார்கள். "தெரியலன்னா கண்டுபிடிங்க. நான் இருக்கேன்" என்றார்கள்.

எவ்வளவு கோபம் இருந்தால் அப்படி உட்காருவார்கள், பாருங்கள்.

சார்ஜ் இல்லையோ என்றான் ஒருவன். இருந்தது. டேப்லெட்டை அணைத்துப் போட்டோம். ஃபேனை நிறுத்தினோம். மேஜை விளிம்பு குறுக்கே வருகிறதோ என்று பெட்டியை முன்னால் நகர்த்தினோம். "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்! ரெண்டு சேத்து மாத்தினா எதனாலன்னு எப்படித் தெரியும்?" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அதிகாரி இருக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது அக்கா. இதையும் குற்றத்தில் சேர்ப்பார்கள். மேடத்திடமே, "கொஞ்சம் காலை உள்ள இழுத்துக்குங்க" என்று சொன்னேனாம். ஜெபராஜ் சார் சொன்னார். எனக்கு ஞாபகமில்லை. இழுத்துக்கொண்டார்களாம்.

முகிலன்தான் பெட்டி முன்னால் மண்டி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான். "மிஸ், வௌவால் வாயில சந்தனம் அடச்சிருக்கு மிஸ்."

வகுப்பு சிரித்தது. அப்புறம் யார் வைத்த சந்தனம் என்று ஞாபகம் வந்து சட்டென்று அடங்கியது.

"டேய், சாமிக்கு வெச்சதுடா அது!" என்றார் சார்.

வாயே திறக்காத ரிஸ்வானா சொன்னாள்: "சாமிக்கு வெச்சா சரி சார். இதுக்கு மூச்சு முட்டுது சார்."

சார் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அப்படியா?"

"இருக்கலாம் சார். எடுத்துப் பாத்தாத்தான் தெரியும் சார்."

எடுப்பது யார்? ஹெச்.எம். வைத்த பொட்டை நான் அழிக்க முடியுமா? ஜெபராஜ் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் யாரும் நகரவில்லை. கடைசியில் சாரே வந்தார். "நான்தானே வெச்சேன்" என்றார். ஒரு பெண்ணிடம் படம் வரைகிற பிரஷை வாங்கி, கண்ணை மூடி வாய்க்குள் என்னவோ சொல்லிவிட்டு, காய்ந்த சந்தனத்தை உள்ளங்கையில் உதிர்த்தார். உதிர்ந்ததைக் கீழே போடவில்லை அக்கா. தன் நெற்றியில் பூசிக்கொண்டார். அப்புறம்தான் "ம், இப்பப் பாரு" என்றார்.

ரிஸ்வானா நடந்தாள். கோடு தடுமாறி, தடுமாறி, எழுந்து ஏறியது.

அந்தச் சத்தம்! அன்றைக்கு மேடமும் நடந்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. பிள்ளைகள், "பின்னாடி மேடம்! மெதுவா! நில்லுங்க, நில்லுங்க, இப்ப வாங்க!" என்று ஓட்டினார்கள். சார்கூட நடந்தார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்ததில் கோடு அலை அலையாக வந்தது.

அத்தோடு விட்டேனா? இல்லை. மேடம் புறப்படும்போது, "அப்ப சந்தனம்தான் காரணம், இல்லையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நான், "உறுதியாச் சொல்ல முடியாது மேடம். தேய்க்கும்போது வேற ஏதாவது சரியாயிருக்கலாம். மறுபடி சந்தனம் வெச்சுப் பாத்து, மறுபடியும் நின்னாத்தான் நிச்சயம்" என்றேன். அதிகாரிக்கே மறுபேச்சு!

மேடம் என் பெயர் கேட்டார்கள். நிரந்தரமா என்று கேட்டார்கள். "தற்காலிகம் மேடம்" என்றேன். அதற்கு அவர்கள், "ம்" என்றார்கள்.

அந்த 'ம்'மைத்தான் அக்கா அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல 'ம்' என்றால் கொஞ்சம் நீளும் இல்லையா? இது நீளவில்லை. சட்டென்று நின்றுவிட்டது.

போன வாரம் சார் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "மேடம் ஆபீஸ்லேருந்து போன். வெள்ளிக்கிழமை உங்கள வரச் சொல்லியிருக்காங்கம்மா. பெட்டியோட. சந்தனமும் கொண்டு வரச் சொன்னாங்க. பயப்படாதீங்க" என்றார். பயப்படாதே என்று எப்போது சொல்வார்கள், நீங்களே சொல்லுங்கள். எதுக்கு சார் என்று எப்படிக் கேட்பது? ஹெச்.எம்.மிடம் போய் எதுக்கு என்று கேட்க முடியுமா? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். சந்தனம் சாட்சிப் பொருள் என்பது எனக்கே புரிந்துவிட்டது.

அப்புறம் ஆபீஸிலிருந்து கிளார்க் என்னிடமே பேசினார். டேப்லெட்டைப் பெரிய திரையில் காட்ட என்ன கேபிள் வேண்டும் என்று கேட்டார். பெரிய திரையில் அக்கா! கூட்ட அரங்கில்! மதியச் சாப்பாடு அங்கேயே, சைவமா அசைவமா என்றும் கேட்டார். அவ்வளவு நேரம் விசாரிக்கப் போகிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சைவம் சொன்னேன்.

பள்ளியில் எல்லோரும் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சார் தன் காசில் பெட்டிக்கு உறை தைத்துக் கொடுத்திருக்கிறார், இதோ, வெல்வெட். கடைசி மரியாதை மாதிரி. ஜெபராஜ் சார், "என்னையெல்லாம் யாரு கூப்பிடுறா" என்று பெருமூச்சு விட்டார். டேப்லெட்டைத் தட்டியது அவர். கூப்பிடாமல் விட்டதற்குச் சந்தோஷப்பட வேண்டாமா? ரிஸ்வானா, "மிஸ், அங்கயும் அந்தப் பெஞ்சு கதையச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். முகிலன், "என் பேரச் சொல்லக் கூடாது மிஸ்" என்றான், அப்புறம் "சொன்னா இனிஷியலோட சொல்லுங்க" என்றான். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

வீட்டில்தான் உண்மை தெரிந்தவர்கள். எங்கள் வீட்டில் யாரையும் எந்த ஆபீஸுக்கும் நல்லதுக்குக் கூப்பிட்டது கிடையாது அக்கா. அப்பாவைத் தாலுகா ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள், பட்டா தப்பு என்று. சித்தப்பாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், ஆடு பக்கத்துக் கொல்லையில் மேய்ந்தது என்று. அம்மாவை ரேஷன் கார்டில் பெயர் இல்லை என்று கூப்பிட்டார்கள். ஆபீஸ் என்றால் கூப்பிடுவது அதற்குத்தான். "நானும் வர்றேன், வெள்ளச் சட்ட போட்டுக்கறேன்" என்றார் அப்பா. வேண்டாம் என்றேன். "கையக் கட்டிக்கிட்டு நில்லு, எதுத்துப் பேசாத" என்று அம்மா நெற்றியில் விபூதி இட்டு அனுப்பினாள்.

பாருங்கள், நானே பேசிக்கொண்டு வருகிறேன். நீங்கள் எங்கே அக்கா இறங்குகிறீர்கள்?

கல்வி அலுவலகமா? அட! நீங்களும் டீச்சரா? முதலிலேயே சொல்லக் கூடாதா, உங்களுக்குப் போய் வௌவால் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேனே! என்ன, பயிற்சியா? அறிவியல் ஆசிரியர்கள் எல்லோருக்குமா? அந்தக் கூட்ட அரங்கிலேயா?

பாவம் அக்கா நீங்கள். அப்படியானால் என் விசாரணை முடிந்த பிறகுதான் உங்களுக்குத் தொடங்குவார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். யார் வகுப்பு எடுக்கிறார்களாம்? கருவியை வைத்துப் பாடம் நடத்துகிற யாரோ ஒரு டீச்சரா? நல்லது. நானும் பின்னால் உட்கார்ந்து கேட்க விடுவார்களா என்று பார்க்கிறேன், வேலை இருந்தால்.

ஏன் சிரிக்கிறீர்கள்? நான் இவ்வளவு சொல்கிறேன், சிரிக்கிறீர்களே. போங்கள் அக்கா, நீங்களும் எங்கள் ஹெச்.எம். மாதிரியே சிரிக்கிறீர்கள்.

ஸ்டாப் வந்துவிட்டது. ஒரு உதவி செய்வீர்களா? இந்தச் சந்தன டப்பாவை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், கேட்காவிட்டால்... வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொண்டு வரச் சொன்னார்கள், கொண்டு வந்திருக்கிறேன். எல்லார் முன்னாலும் வைத்துக் காட்டச் சொன்னால் வைத்துக் காட்டுகிறேன். கோடு நிற்கிறதா இல்லையா என்று இன்னும் பார்க்கவில்லையே, அதையாவது தெரிந்துகொண்டு போகலாம்.

நீங்கள் மட்டும் முன் வரிசையில் உட்காருங்கள் அக்கா. தெரிந்த முகம் ஒன்று இருந்தால் போதும். காலை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், கோட்டில் குறுக்கே விழும்.